முனியாண்டிக்கு விட்ட சேவல்

நேற்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசி போடுகிற மிஸ்ஸி சின்னப் பெண். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் முகம் சூடாகிவிட்டது. "பயமா இருக்கா பாட்டி?" என்று கேட்டாள். பயமெல்லாம் இல்லை. வெட்கம். ஒரு பஞ்சு வாசனைக்கு வெட்கப்படுகிற கிழவியை அவள் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டாள், அதனால் பயம் என்றே சொல்லிவைத்தேன்.

ரத்தம் குறைவாக இருக்கிறதாம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "கோழி சூப் வெச்சுக் குடிங்கம்மா. அடிக்கடி குடிக்கணும்" என்றார். கோழி வேண்டாம் என்றேன். சைவமா என்று கேட்டார். இல்லை, ஆடு சாப்பிடுவேன், மீன் சாப்பிடுவேன் என்றேன். "அப்ப கோழி மட்டும் பிடிக்காதா?" என்று நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் மகள் மாலதி சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. டாக்டரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களிடம் வாயால் எத்தனையோ பேசியாயிற்று. எழுதுவது இதுதான் முதல் தடவை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவளாக்கும் நான். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

அந்தச் சேவலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. மாலதிக்கு நடை வந்த புதிது. காய்ச்சல் ஏறினால் அவளுக்கு வலிப்பு வரும். கண் மேலே செருகிக்கொள்ளும், கைகால் விறைத்துவிடும். நீங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி அவிக்கிற வேலையில் இருந்தீர்கள். ஈரத்துணி போடு, ஜன்னலைத் திற என்று அங்கே கேட்டதையெல்லாம் வந்து சொல்வீர்கள். ஒருநாள் துணிக்கும் ஜன்னலுக்கும் அடங்காமல் பிள்ளை நீலம் பாரித்துப் போனபோது, நான் அவளை உங்கள் கையில் போட்டுவிட்டு நம் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் இருந்த முனியாண்டி மேடைக்கு ஓடினேன். "இவள எனக்குக் குடுத்துரு சாமி, உனக்குச் செவப்பு சேவல் வெட்டுறேன்" என்று மண்ணில் விழுந்தேன். திரும்பி வந்தபோது மாலதி அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் வீட்டுக் குஞ்சுகளில் சிவப்பாக ஒன்றைப் பார்த்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, முனியாண்டிக்கென்று விட்டோம். நேர்ந்துவிட்ட சேவலுக்கு லயத்தில் தனி மரியாதை. காயப்போட்ட அரிசியைக் கொத்தினாலும் கல்லெடுத்து எறியமாட்டார்கள், "அந்தப் பக்கம் போ சாமி" என்பார்கள். அதன் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாது. ரத்தம் என்று சிந்தினால் அது முனியாண்டி மேடையில்தான் சிந்த வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் பூசாரி தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சேவல் சிலிர்த்துத் தலையை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் ஊரே கைகூப்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

சேவல் வளர்ந்தது. முனியாண்டி திருவிழாவுக்குச் சில மாதம் இருக்கும்போது கோலா தெர்லாவில் காய்கறி லோரிக்காரன் ஒருவனிடம் ஒரு பெட்டைக் கோழி வாங்கிவந்தேன். வந்த வேகத்தில் அது செத்தது. அப்புறம் சேவல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சையாகக் கழிந்தது. "இது தேறாது புள்ள" என்றீர்கள். நானா விடுவேன்? சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைத்து வாயைப் பிளந்து ஊற்றினேன், மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சேவல் பிழைத்துக்கொண்டது. ஆனால் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. தலை ஓயாமல் ஆடியது. நின்றால் ஆடும், தின்றால் ஆடும். சிலசமயம் உடம்பு மொத்தமும் சிலிர்த்து உதறும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான் முதலில் பார்த்தது. கையிலிருந்த குடத்தை அப்படியே இறக்கி வைத்தது.

"ஏ புள்ள! தண்ணியே தெளிக்கல, தானா உத்தரவு குடுக்குது பாரு! முனியாண்டி ஏறி உக்காந்துட்டாருடி!"

சாயந்திரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கற்பூரத்தோடு வந்தார்கள், எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். நீங்கள் மட்டும் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "கழுத்துல என்னமோ சீக்கு மாதிரி இருக்கே" என்றீர்கள். "வாயக் கழுவுங்க மொதல்ல" என்று நான் விழுந்து பிடுங்கியதில் பேச்சை விட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் மற்ற வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வர ஆரம்பித்தது. ஆளுக்கு ஆள் என்னைக் கூப்பிட்டார்கள். "சேவலக் கொஞ்சம் எங்க வூட்டுக்குத் தூக்கிட்டு வா தங்கச்சி, சாமி காலு படட்டும் லா." நான் தலைக்குக் குளித்து, சேவலை முந்தானையில் அணைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வாசலில் என் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதுவரைக்கும் வேலை வாங்குகிற மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது தவிர என்னை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் சேவலை இறக்கிவிடுவேன். அது தலையை ஆட்டிக்கொண்டே ஒரு சுற்று வரும். அது மிதித்த மண்ணை ஒரு பிடி அள்ளி அந்த வீட்டுக் கோழிகள் மேல் தூவுவேன். இப்போது இதை எழுதும்போதுகூட விரல் கூசுகிறது.

தூவிய வீடுகளில் எல்லாம் கோழி செத்தது. யாரும் சேவலைச் சந்தேகப்படவில்லை. "நாமதான் சாமியக் கூப்புட லேட் பண்ணிட்டோம்" என்றார்கள். பழி குருவிகள் மேல் விழுந்தது. வடக்கே இருந்து வலசை வருகிற குருவிகள் மலையைக் கடக்கிற பருவம் அது. பனி மூட்டமான நாட்களில் பேக்டரி விளக்குக்கு மயங்கி இறங்கி, விடியும்போது சுவரோரம் கிடக்கும். அதுகள்தான் எங்கிருந்தோ சீக்கைக் கொண்டுவருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பயல்கள் பலாப்பாலைக் கம்பில் தடவி வைத்தார்கள், கவட்டையும் கையுமாகத் திரிந்தார்கள். பேக்டரிக்குப் பின்னால் குருவிகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். வலசைக் குருவி, மலைக் குருவி என்ற வித்தியாசமெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

சேதி எப்படியோ கீழே போய், மாட்டு டாக்டர் வந்தார். மலாய்க்காரர். குருவிகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சீக்கு அதுகளிடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றாராம். ஊசி பிடித்துப் பழகிய ஆள் ஒன்று வேண்டும் என்று ஆபீசில் கேட்க, கணக்கெழுதுகிற கிராணி உங்களைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து நீங்கள் லயத்துக்கே குருவி டாக்டர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். "குருவி டாக்டரு சோறு திம்பாரா, இல்ல தினைதானா?"

நீங்கள் ஸ்பிரிட் வாசனையோடு வீட்டுக்கு வருவீர்கள். சட்டையில் பொடிப் பொடியாக இறகு ஒட்டியிருக்கும். மாலதியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துவீர்கள்.

"சீக்கு வந்து பொழச்சதோட ரத்தத்துல அதோட அடையாளம் நிக்குமாம் புள்ள. ரொம்ப நாளைக்கு நிக்குமாம். அடையாளம் இல்லேன்னா அந்தப் பறவைக்கு அந்தச் சீக்கு வரவே இல்லேன்னு வெச்சுக்கலாமாம்."

"வந்து செத்துப் போனதுக்கு?"

"செத்துப் போனதுக்கு அடையாளம் எதுக்கு? அதான் செத்துப் போச்சே."

இந்த மலை உச்சி ஒரு புலாவ் மாதிரி, தீவு மாதிரி என்று டாக்டர் சொன்னதையும் சொன்னீர்கள். சுற்றிலும் கடலுக்குப் பதிலாகச் சூடான காடு, அதனால் இந்தக் குளிரில் வாழ்கிற குருவி கீழே இறங்காதாம், இங்கேயே பிறந்து இங்கேயே செத்துப்போகுமாம். "நம்மள மாதிரிதான்" என்றீர்கள். நான் பருப்பைக் கடைந்துகொண்டு பாதிதான் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மரத்துக்கு மரம் கயிறு கட்டித் துணிப்பைகளைத் தொங்கவிட்டிருந்தீர்கள். காற்றே இல்லை, பைகள் தானாக ஆடின. எனக்குப் பேய் பிசாசோ என்று திக்கென்றது. அப்புறம்தான் உள்ளே குருவி இருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் கறுப்பு நூல் வலை, மூங்கிலுக்கு மூங்கில் கட்டியது, கிட்டே போனால்தான் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் ஒரு பையில் கைவிட்டு ஒரு கொண்டைக்குருவியை எடுத்தீர்கள். இறக்கையை விரித்து, வாயால் ஊதி இறகை விலக்கினீர்கள். உள்ளே நூல் மாதிரி நீலமாக ஒரு நரம்பு. ஊசியை வைத்ததும் கடுகு அளவு ரத்தம். அதைக் கண்ணாடிக் குழாயில் வாங்கிக்கொண்டு பஞ்சை என்னிடம் நீட்டினீர்கள்.

"இங்க அழுத்து. பலமா வேணாம். கொழுந்து கிள்ளுற மாதிரி."

அழுத்தினேன். அதன் நெஞ்சு என் விரலில் அடித்தது. பிறகு கையை விரிக்கச் சொன்னீர்கள். அது உடனே பறக்கவில்லை. என் கையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனது. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். கல்யாணமான நாளாக நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நாளை மட்டும் நினைத்தால் எனக்கு வெட்கமே வருவதில்லை.

டாக்டர் நம் டிஸ்பென்சரி மேஜையிலேயே ரத்தத்தைச் சோதித்தார். சின்னச் சின்னக் குழி வைத்த தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு குருவியின் ரத்தத் தெளிவை விட்டு, மேலே என்னென்னவோ ஊற்றுவாராம். சீக்கின் அடையாளம் இருந்தால் சிவப்பெல்லாம் குழிக்கு அடியில் இறங்கி வட்டமாக நிற்கும். இல்லாவிட்டால் படர்ந்து போகும். குருவிகளின் குழி எல்லாமே படர்ந்து போயிருந்தது. மலைக் குருவியும் சரி, வலசைக் குருவியும் சரி, ஒன்றிலும் அடையாளம் இல்லை.

"குருவி பாவம் புள்ள, அதுங்க மேல தப்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்குள் வந்தீர்கள். பிறகு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். சேவல் கொல்லையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரு லயத்துக் கோழி ஒண்ணு கேக்குறாரு. சீக்கு வந்து பொழச்ச கோழி."

எனக்குப் புரிந்துவிட்டது. "முனியாண்டிக்கு விட்டது. அதுல ஊசி ஏத்துவீங்களா? புள்ள உசுருக்கு விட்டதுங்க அது!" என்று கத்தினேன். நீங்கள் உட்கார்ந்து மாலதியின் காலைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் டாக்டரின் ஆளை வரவிடாமல் நீங்களே ஊசியைக் கொண்டுவந்தீர்கள். சேவலின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "மன்னிச்சுக்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கையை விரித்தீர்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சோதனை முடிந்ததும் என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்த் தட்டைக் காட்டினீர்கள். எல்லாக் குழியும் மங்கலாகப் படர்ந்து கிடக்க, ஓரத்தில் நம் சேவலின் ரத்தம் விட்ட வரிசை மட்டும் பளிச்சென்று இருந்தது. குழிக்குக் குழி நட்ட நடுவே வட்டமாக, சிவப்பாக, யாரோ மோதிர விரலால் தொட்டு வைத்த குங்குமம் மாதிரி. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

"பாத்தீங்களா! சாமி பொட்டு வெச்சிருக்கு! நான் சொன்னேன்ல?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னீர்கள். "அது பொட்டு இல்ல புள்ள. அதுதான் சீக்கு. சேவலு தலைய ஆட்டுறதும் சீக்குதான்."

கன்னத்தில் போட்டுக்கொண்ட கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்து வரும்போது உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நமக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே சொல்ல வேண்டாம். டாக்டர் நம் பெயரைச் சொல்லமாட்டார், சேவலை எங்காவது ஒளித்து வைத்துத் திருவிழாவில் வெட்டிவிடலாம், வேண்டுதலாவது தீரும். இவ்வளவும் சொன்னேன். நீங்கள் நடந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

"சொல்லாம விட்டா பயலுங்க குருவியக் கொளுத்திக்கிட்டேதான் இருப்பானுங்க. பாக்கியம் திரும்ப குஞ்சு வாங்கும். வாங்குனா எங்க தூக்கிட்டு வரும்? நம்ம சேவல்கிட்டதான் தூக்கிட்டு வரும்."

"எம் மானம் போயிருங்க."

"நான்தானே சொல்லப்போறேன். எம் மானந்தான் போகும்."

பிரட்டில் சொன்னீர்கள். காலையில் மண்டோர் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், எல்லோரும் கூடையோடு நிற்கிற நேரம். பனி இன்னும் விலகவில்லை. "சீக்கு குருவியால வரல. எங்க வூட்டுச் சேவலால வந்துச்சு. நான் டிஸ்பென்சரில வேல செஞ்சும் புரியாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்." உங்கள் குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் கடைசிவரை சொன்னீர்கள். என் பெயரை எடுக்கவில்லை.

எடுத்து என்ன, எடுக்காமல் என்ன? சேவலைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்தானே. கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. ஒரு பையன் தலையைச் சாய்த்துச் சேவல் மாதிரி ஆட்டிக் காட்ட, பின்னால் சிலர் சிரித்தார்கள். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "மண்ண அள்ளித் தூவுனியேடி. நான் காலுக்குத் தண்ணி ஊத்துனேனே" என்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அன்றைக்குப் பூராவும் என் நிரைக்குப் பக்கத்து நிரையில் யாரும் பேசவில்லை. கொழுந்தைப் பார்த்துக்கொண்டே கிள்ளினேன். தலை நிமிர்ந்தால் மலை முழுக்க என்னையே பார்ப்பது போல இருந்தது.

நான் வேலை முடிந்து வருவதற்குள் சேவல் போய்விட்டது. டாக்டரின் ஆள் கழுத்தைத் திருகி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட்டாராம். முனியாண்டிக்கு ஒரு சொட்டு ரத்தம் போகவில்லை. மாலதியை மடியில் வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு எதுனா ஆச்சு, உங்களச் சும்மா விடமாட்டேன்" என்று உங்களைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் குளித்து, ஈர வேட்டியோடு முனியாண்டி மேடைக்குப் போனீர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தீர்கள்.

"எங்க போனீங்க?"

"பேசிட்டு வந்தேன்."

"யார்கிட்ட?"

"முனியாண்டிகிட்டதான். அவரு சரின்னுட்டாரு. நீ சோத்தப் போடு."

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். கரண்டியை விட்டெறிந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

மாலதிக்கு அப்புறம் வலிப்பு வரவில்லை. வளர வளர அந்தத் தொல்லை தானாக விட்டுப்போகும் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். இருந்தாலும் காய்ச்சல் என்றால் விடிய விடிய அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வழியில் பூசாரி அண்ணனைப் பார்த்தால், "சேவல் கடன் நிக்குதே அண்ணே, வேற சேவல் வெட்டட்டுமா?" என்று கேட்பேன். "அதெல்லாம் தீந்துருச்சு தங்கச்சி" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். என்னைப் பார்க்க அவருக்கும் கூச்சமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எண்பதுகளில் லயம் மறுபடியும் கோழிகளால் நிறைந்தது. கோழிக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேலையும் உங்களிடமே வந்தது. "கோழியப் புடிக்க ஒரு ஆளு வேணும், வாயேன் புள்ள" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டீர்கள். அதே வாசல்களை மறுபடியும் மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. நீங்கள் தனியாகவே போனீர்கள். பாக்கியம் அக்கா வீட்டில் உங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்ததாகச் சொன்னபோது, எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கோழி தின்பதை நிறுத்தியிருந்தீர்கள். ரத்தம் எடுத்து எடுத்து வெறுத்துவிட்டது என்று நானாக முடிவு செய்து எல்லோரிடமும் அதையே சொன்னேன். தீபாவளிக்குக் கோழிக் குழம்பு வைப்பேன். இலையில் வைத்ததும், கால் துண்டை எடுத்து என் இலைக்கு மாற்றுவீர்கள். "குருவி டாக்டருக்குக் கோழி கசக்குதோ?" என்பேன். "கசக்குது" என்பீர்கள். கோலா தெர்லாவில் ஒரு கல்யாண வீட்டில், அத்தனை பேர் நடுவில், "இவருக்குச் சேவலப் பாத்தா இன்னமும் பயங்க. எங்க எந்திரிச்சுத் தலைய ஆட்டுமோன்னு பாக்குறாரு" என்று சொன்னேன். பந்தியே சிரித்தது. பிரட்டில் எனக்கு நடந்ததை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. நீங்களும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தீர்கள்.

அப்படியே காலம் போய்விட்டது. தோட்டத்தை விட்டு மாலதியோடு தானா ராத்தாவுக்கு வந்தோம். அவள் திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள், கல்யாணம் கட்டினாள், பிள்ளைகள் பெற்றாள். நீங்கள் ஒருநாள் மத்தியானம் தூங்கினீர்கள், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோட்டத்திலிருந்து பழைய ஆட்கள் வந்தார்கள். பூசாரி அண்ணனும் வந்தார், கம்பு ஊன்றிக்கொண்டு. படையலுக்கு எல்லாம் நானே சமைத்தேன். சுருட்டு வைத்தேன், தேத்தண்ணி வைத்தேன், நெத்திலிக் கருவாடு வைத்தேன். நடு இலையில் கோழிக் குழம்பு. இத்தனை வருஷம் வீம்பாக இருந்த மனுஷன், இனிமேலாவது வெறுப்பு தீர்ந்து சாப்பிடட்டுமே என்று நல்ல கால் துண்டாகப் பார்த்து வைத்தேன். சாம்பிராணி போட்டு எல்லோரும் கும்பிடப் போகும்போது பூசாரி அண்ணன் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, அந்தக் கோழிய எடுத்துரு. அவரு இலைல அது இருக்கக் கூடாது."

நான் விளையாட்டாக, "ஏண்ணே, அங்கயும் பயப்படுவாரா?" என்று கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பூசாரி அண்ணன் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"சேவலப் பொதச்ச அன்னிக்கு மேடைக்கு வந்தாரு. 'உனக்கு விட்டத உனக்குக் குடுக்க முடியல. அதுக்குப் பதிலா நான் சாகுற வரைக்கும் கோழி தொடமாட்டேன். புள்ளையப் பாக்காத, என்னையப் பாரு'ன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணாரு. தங்கச்சிகிட்ட சொல்லிருங்கன்னு நான் சொன்னேன். வேணாம்னுட்டாரு."

"ஏன்?" என்று கேட்டது நானில்லை. மாலதி.

"சொன்னா அவளும் விட்டுருவா. அவளுக்குக் கோழிக் கொழம்புன்னா உசுரு. அவ தின்னட்டும்னாரு."

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிரட்டில் பார்த்த மாதிரியே. அன்றைக்குக் கொழுந்துக் கூடையாவது முதுகில் இருந்தது, முகத்தை மறைக்க இழுத்துக்கொள்ளக் கூடையின் நெற்றிப் பட்டை இருந்தது. இந்தத் தடவை என் கையில் கோழிக் குழம்புக் கரண்டிதான் இருந்தது. குனிந்து உங்கள் இலையிலிருந்து அந்தக் கால் துண்டை எடுத்தேன். எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையில் போட்டு மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குழம்பு புடவையில் இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாக்கியம் அக்காவின் மகள் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுடைய அம்மா என் காலுக்குத் தண்ணீர் ஊற்றியது நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன்.

எத்தனை கால் துண்டு நீங்கள் என் இலைக்கு மாற்றியிருப்பீர்கள்! ஒவ்வொன்றையும் உங்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டே தின்றேன். எலும்பைக்கூட விடாமல் தின்றேன். லயத்துக்கு முன்னால் பட்ட வெட்கம் ஆறிப்போய்விட்டது. அந்த ஆட்களே பாதிப் பேர் இல்லை. இந்த வெட்கம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

பதினாறாம் நாளிலிருந்து நான் கோழி தொடுவதில்லை. நீங்கள் பயந்தது போலவே ஆயிற்று. நீங்கள் சத்தியத்தை முடித்துக்கொண்டு போய்விட்டீர்கள், சாகிற வரைக்கும் என்றுதானே சொல்லியிருந்தீர்கள். மிச்சத்தை முனியாண்டி யாரிடம் கேட்பார்? மாலதிக்கும் தலை நரைத்துவிட்டது, அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் சத்தியத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மிஸ்ஸி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து, "நல்லா அழுத்திப் புடிங்க பாட்டி" என்றாள். நான் பலமாக அழுத்தவில்லை. கொழுந்து கிள்ளுகிற மாதிரி, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கோழி மட்டும் பிடிக்காதா என்று அந்த டாக்டர் திரும்பக் கேட்டால் இந்தத் தடவை எழுந்து ஓடமாட்டேன். மாலதி காலண்டரைப் பார்த்தால் பார்க்கட்டும்.

"பிடிக்கும் டாக்டர். கோழிக் குழம்புன்னா எனக்கு உசுரு" என்று சொல்லிவிடுவேன்.